நடுவில் நின்றுபோகும் டீசல் எஞ்சின்

கேள்வி: கிணற்றில் இறைக்கும் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. நெல் பால் பிடிக்கும் தருணம். தண்ணீர் ஊற்றி உடனே ஆற்றலாமா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: ஊற்றக் கூடாது. கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஹெட் விரிசல் விடும். தானாகவே ஆறட்டும்.

டீசல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேற வேண்டும். பிஸ்டனைத் தண்ணீர் தொடுவதில்லை. அதன் சூடு ரிங், ஆயில், லைனர் வழியாகவே நீருக்குப் போகிறது. அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பு லைனரைப்போல் இரு மடங்கு விரியும். சூடு தேங்கினால் லைனரைக் கவ்விப் பிடிக்கும். ஆறியதும் விடுவது அதனால்தான். ஒவ்வொரு முறையும் லைனரில் கீறல் விழும்.

கவனிக்க வேண்டியவை:
• எஞ்சினிலிருந்து வெளியேறும் நீர் தடையின்றி வருகிறதா? குழாயில் பாசி, மண் அடைத்திருக்கலாம்.
• உப்புநீர்க் கிணறு என்றால் நீர் அறையில் உப்புப் படிவு சூட்டைத் தடுக்கும். மெக்கானிக்கிடம் சுத்தம் செய்யவும்.
• ஆயில் அளவைத் தினமும் பார்க்கவும். கெட்டுப்போன ஆயிலை மாற்றவும்.

திணறல் தெரிந்ததும், நீர் வந்தால் வேகத்தைக் குறைத்து 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவும். நீர் வராவிட்டால் உடனே நிறுத்தவும்.

சரிசெய்யும்வரை பக்கத்து எஞ்சினை வாடகைக்கு எடுத்துப் பாய்ச்சுவதே நல்லது. பிஸ்டனும் லைனரும் போனால் செலவோடு பாசனமும் நாள்கணக்கில் நின்றுவிடும், கதிர் பதராகும்.