பட்டியல் நீங்கிய பின்: தமிழ் ஆய்விதழ்களும் மதிப்பீட்டுப் பொறுப்பும்

பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிப்பின்வழி 'யுஜிசி கேர்' எனப்பட்ட ஆய்விதழ்ப் பட்டியலைக் கைவிட்டது. எந்த ஆய்விதழ் தகுதியுடையது என்பதை இனி அந்தந்த உயர்கல்வி நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வறிவிப்பின் சாரம். துணைக்குச் சில பரிந்துரைக் கூறுகளும் அதனுடன் இணைக்கப்பட்டிருந்தன. தமிழ்த்துறைகளில் இச்செய்தி இருவேறு விதமாக ஏற்கப்பட்டது. பட்டியலுக்கு வெளியே நின்ற இதழ்களின் ஆசிரியர்கள் ஆறுதல் அடைந்தனர். பட்டியலை நம்பிக் கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருந்த இளம் ஆய்வாளர்கள் கலங்கினர். இரு தரப்பினரும் கேட்டது ஒரே வினாதான்: இனி எந்த இதழுக்கு மதிப்பு? ஒரு கட்டுரையின் தரத்தை அது வெளிவந்த இதழின் பெயரைக் கொண்டு அறியலாம் என்னும் நம்பிக்கை அவ்வினாவின் அடியில் உள்ளது. பட்டியல் போன பின்னும் அந்நம்பிக்கை போகவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

பட்டியலின் வரலாறு நீண்டதன்று. 2017இல் மானியக் குழு ஏற்பளித்த இதழ்களின் எண்ணிக்கை 38,000ஐக் கடந்திருந்தது. அவற்றுள் தரமற்றவை எனக் கண்டறியப்பட்ட 4,305 இதழ்கள் 2018 மே மாதத்தில் நீக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் கேர் அமைப்பு அறிவிக்கப்பட்டு, 2019இல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் இடம்பெற்ற இதழ்கள் இரண்டாம் தொகுதியாக அமைந்தன. தமிழ் இதழ்கள் நம்பியிருந்தது பெரும்பாலும் முதல் தொகுதியை. ஆறாண்டுக்கும் குறைவான காலமே நிலைத்த ஒரு பட்டியல் தமிழ் ஆய்வின் வடிவத்தையே மாற்றியமைத்தது எவ்வாறு என்பதை அறியப் பணி நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றுக்கான விதிகளைப் பார்க்க வேண்டும்.

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைத் தெரிவு செய்யும்போது ஆய்வு வெளியீடுகளுக்கு 10 மதிப்பெண் உண்டு. ஒரு கட்டுரைக்கு 2 வீதம் ஐந்து கட்டுரைகள். இணைப் பேராசிரியர் பணிக்கு ஏழு வெளியீடுகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும்; பேராசிரியர் பணிக்குப் பத்து வெளியீடுகளும் 120 மதிப்பெண்ணும் வேண்டும். மொழி, மானுடவியல் புலங்களில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண். தேசிய அளவிலான பதிப்பகம் வழியாக வெளிவரும் நூலை எழுதியவருக்கும் 10. அத்தகைய நூலைப் பதிப்பித்தவருக்கு 8. மொழிபெயர்ப்பு நூலுக்கும் 8. முழுமையான ஓர் இணையவழிப் பாடத்தை உருவாக்கியவருக்கு 20. நூல் மதிப்புரைக்கு இவ்வட்டவணையில் இடமில்லை. பிறர் கட்டுரையை மதிப்பாய்வு செய்து தருவதற்கும் இடமில்லை. சொல்லடைவு, அகராதி, ஓலைச்சுவடி அட்டவணை, கல்வெட்டுப் படி, வாய்மொழி வழக்காற்றுத் தொகுப்பு ஆகியவை தனி இனங்களாகக் குறிப்பிடப்படவே இல்லை.

இவ்வட்டவணையைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின்மீது ஒருமுறை பொருத்திப் பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவற்றைப் பதிப்பித்தார். இடையில் வந்த பிற நூல்களை விடுத்து, இவ்வைந்தை மட்டும் பதிப்பாசிரியருக்குரிய மதிப்பெண்ணால் கணக்கிட்டால் 40 வரும். நான்கு ஆய்விதழ்க் கட்டுரைகள் எழுதியவரும் அதே 40ஐப் பெறுவார். இரண்டு இணையவழிப் பாடங்களை அமைத்தவரும் பெறுவார். பதினோராண்டு உழைப்புக்குப் பின்னும் ஆய்விதழ்க் கட்டுரை ஏழு இல்லாமையால் சாமிநாதையர் இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கவே தகுதி பெற்றிருக்கமாட்டார் என்றும் வாதிடலாம். இக்கணக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றக்கூடும். ஆயினும் இதே கணக்கைத்தான் இன்றைய தமிழ் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தம் அடுத்த மூன்றாண்டுப் பணியைத் திட்டமிடும்போது மனத்துள் போட்டுப் பார்க்கிறார். பாடவேறுபாடுகளோடு ஒரு சிற்றிலக்கியத்தைப் பதிப்பிப்பதா, அதே சிற்றிலக்கியத்தின் உவமை, அணி, தொன்மம், பெண் சித்திரிப்பு எனப் பிரித்து நான்கு கட்டுரைகள் எழுதுவதா என்னும் தெரிவில் விதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வெளிப்படை.

விளைவைத் தனியே தேட வேண்டியதில்லை. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள் பெருகிய காலம் ஒன்று இருந்தது. நூலுக்கான பன்னாட்டுத் தர எண் பெற்றிருந்தாலே போதும் என்று அன்று கருதப்பட்டது. பின்னர் இதழுக்கான எண் தேவைப்பட்டது, தொகுப்புகள் இதழ்களாயின. அடுத்துக் கேர் தேவைப்பட்டது. கருத்தரங்கக் கட்டுரைகள் அப்பட்டியலில் இருந்த இதழ்களின் சிறப்பு வெளியீடுகளாயின. ஒவ்வொரு கட்டத்திலும் மாறியது அட்டையில் அச்சிடப்பட்ட எண்ணே. ஐந்தாறு பக்கங்கள், முன்னுரை, இரண்டு மூன்று துணைத்தலைப்புகள், மேற்கோள்களின் கோவை, முன்னுரையைத் திருப்பிக் கூறும் முடிவுரை என்னும் வாய்பாடு மாறவில்லை. இவ்வாய்பாட்டை எழுதுவோரின் சோம்பலுக்குச் சான்றாகக் கொள்வது முறையன்று. குறுகிய காலத்தில், எண்ணிக்கைக்காக எழுதும்படி பணிக்கப்பட்டவர்கள் கண்டறிந்த சிக்கனமான வடிவம் அது.

இச்சுமை யார் மீது மிகுதியாக விழுகிறது என்பதும் எண்ணத்தக்கது. அரசு கலைக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் பெரும்பகுதி கௌரவ விரிவுரையாளர்களால் நடைபெறுகிறது. மானியக் குழு 2019இல் அவர்களுக்கு ஒரு விரிவுரைக்கு ரூ. 1,500, மாதத்துக்கு ரூ. 50,000 வரை என வரையறுத்த ஊதியத்துக்கும் அவர்கள் கையில் பெறுவதற்கும் இடைவெளி பெரிது. நிலையான பணிக்கு விண்ணப்பிக்கும்போது ஐந்து கட்டுரைகளைக் காட்ட வேண்டியவர்களும் அவர்களே. வெளியீட்டுக் கட்டணம் என்ற பெயரில் தம் ஊதியத்திலிருந்து இதழ்களுக்குச் செலுத்துவோரும் அவர்களே. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் மானியக் குழு தளர்த்தியது. அதனைத் தம் சொந்த விதியாகத் தொடரும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அங்கு ஆய்வாளரின் முதல் கட்டுரை ஆய்வு முதிர்வதற்கு முன்பே விலைக்கு வாங்கப்படும் பண்டமாகிவிடும் இடர் நீடிக்கிறது.

அப்படியாயின் பட்டியல் நீங்கியது நன்மைதானே என்று முடித்துவிட இயலாது. பட்டியலுக்கு ஒரு நியாயம் இருந்தது. சிறு நகரத்துக் கல்லூரியில், வழிகாட்டக்கூடிய மூத்தோர் எவரும் இல்லாத சூழலில் பணிபுரியும் ஒருவருக்கு அது எழுத்து வடிவிலான உறுதியைத் தந்தது. 'இவ்விதழ் பட்டியலில் உள்ளது. ஆகவே என் கட்டுரையை மறுக்க இயலாது' என்று அவர் தெரிவுக் குழுவின் முன் சொல்ல முடிந்தது. இன்று அவ்வுறுதி இல்லை. எது தகுதியான இதழ் என்பதை நிறுவனமே முடிவு செய்யும் எனில், நடைமுறையில் அந்நிறுவனத்தில் செல்வாக்குடையோர் முடிவு செய்வர் என்றே பொருள்படும். ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும் இதழை மற்றொன்று மறுக்கலாம். தன் துறை நடத்தும் இதழைத் தன் பட்டியலின் தலையில் ஒரு துறை வைத்துக்கொள்ளலாம். தில்லியிலிருந்து வந்த பட்டியலின் இடத்தை உள்ளூர்ப் பட்டியல்கள் பிடிக்குமானால், இழப்பு பட்டியலோடு வந்த அந்தச் சிறு பாதுகாப்பு மட்டுமே; பெற்றது ஏதுமில்லை.

இங்குத்தான் சக அறிஞர் மதிப்பாய்வு என்னும் சொற்றொடர் முன்வைக்கப்படுகிறது. அதனைப் பழைய அரங்கேற்ற மரபோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வது தமிழ்க் கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு முழுமையாகப் பொருந்துவதன்று. அரங்கேற்றம் அவையறிய நிகழ்வது, இன்றைய மதிப்பாய்வோ மறைவாக நிகழ்வது. அதைவிடப் பொருத்தமான நினைவு இறையனார் களவியல் உரையின் உரைவரலாற்றில் உள்ளது. உரைகளின் தகுதியை அறிய அங்கு நடுவராக அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாச் சிறுவன். கதையின் தெய்விகப் பகுதியை விலக்கிப் பார்த்தாலும் ஒன்று எஞ்சும்: உரை கண்ட புலவர் எவருக்கும் கடன்படாத ஒருவனையே அச்சங்கம் நாடியது. தமிழ் ஆய்வுலகின் இடர் அதுவே. அது சிறியது. ஒரு குறிப்பிட்ட நூல் அல்லது காலப்பகுதியில் ஆழ்ந்த புலமையுடையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டுரையில் பெயரை நீக்கிவிட்டாலும் நடையும் மேற்கோள்களும் எழுதியவரைக் காட்டிக்கொடுக்கின்றன. மதிப்பாய்வாளர் நாளை வாய்மொழித் தேர்வுக்கு அழைக்கப்படவேண்டியவர். எழுதியவரின் நெறியாளர் நேற்று அவரைத் தேர்வாளராக அழைத்தவர். கடுமையாக எழுதினால் உறவு கெடும். 'வெளியிடலாம்' என்னும் ஒரு சொல்லால் எவர்க்கும் தீங்கில்லை. மதிப்பாய்வுக்கென எந்தக் கணக்கிலும் மதிப்பு இல்லாதபோது அதில் மூன்று நாள் செலவிட எவர் முன்வருவர் என்றும் கேட்கலாம்.

உண்மையான மதிப்பாய்வு எதைக் கோருகிறது என்பதற்கு எளிய சான்று ஒன்று போதும். புறநானூற்றுப் பாடலொன்றை அடிப்படையாகக் கொண்ட கட்டுரை, சாமிநாதையர் பதிப்பின் பாடத்தைக் கொண்டதா, ஔவை துரைசாமிப் பிள்ளை உரையுடன் வந்த பதிப்பின் பாடத்தைக் கொண்டதா, புலவர் அடைவில் பாடல்களை முறைப்படுத்தி 1940இல் வெளிவந்த வையாபுரிப் பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பைக் கொண்டதா என்று பெரும்பாலும் கூறுவதில்லை. வாதம் ஒரு சொல்லின்மீது நிற்கும்போது அச்சொல்லின் பாடம் எது என்பதே முதல் வினா. அதனை வினவுவதற்கு மதிப்பாய்வாளர் நூலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சரிபார்ப்பு மென்பொருள் இதனைச் செய்யாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளில் தமிழ்ச் சொற்களையே அம்மென்பொருள் காணாது. உரோமன் குறிகளின் குவியலையே காணும். அத்தகைய கோப்பில் ஒற்றுமை விழுக்காடு குறைவாக வருவது கட்டுரையின் தூய்மைக்குச் சான்றாகாது. அவ்வாறே அச்சிட்டு இணையத்தில் இடப்பட்ட கட்டுரைகளைத் தேடுபொறியால் கண்டடையவும் முடிவதில்லை. அதனால் ஒரே பொருளில் மீண்டும் மீண்டும் எழுதப்படுவதை எவராலும் சுட்டிக்காட்ட இயலாமற் போகிறது.

ஆகவே பல்கலைக்கழகங்கள் இப்போது வகுத்துக்கொள்ள வேண்டிய விதிகளில் தமிழ்த்துறைகள் வற்புறுத்த வேண்டியது புதிய பட்டியலை அன்று. விண்ணப்பிப்பவர் தம் பணிகளில் சிறந்தவையெனக் கருதும் இரண்டையோ மூன்றையோ மட்டும் முன்வைக்கட்டும். தெரிவுக் குழு அவற்றை முன்கூட்டியே படித்துவிட்டு வினாக்களோடு வரட்டும். அப்பணி ஆய்விதழ்க் கட்டுரையாகவும் இருக்கலாம். பதிப்பாகவும், சொல்லடைவாகவும், களத்தில் திரட்டிய வழக்காற்றுத் தொகுப்பாகவும் இருக்கலாம். படித்ததன் பயனாக எழுந்த கருத்தைக் குழு எழுத்தில் பதிவு செய்து, விண்ணப்பித்தவருக்கு அதன் படியைத் தரவேண்டும். பட்டியல் தந்த பாதுகாப்பின் இடத்தை ஓரளவேனும் நிரப்பக்கூடியது அப்பதிவே. இதழ்களும் ஆண்டுக்கு ஒருமுறை தம் மதிப்பாய்வாளர் பெயர்களை வெளியிடலாம். எழுதியவரும் ஆய்ந்தவரும் இசைந்தால் மதிப்பாய்வுரையைக் கட்டுரையோடு சேர்த்தே அச்சிடலாம். மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் அச்சேறிய தமிழ் இதழியலுக்கு இது புதிய துணிவன்று. நூல் மதிப்புரைக்கு அப்பொழுதாவது பழைய இடம் மீளக்கூடும்.

2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட புதிய வரைவு விதிமுறைகள் மதிப்பெண் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கிலேனும் சிறந்திருக்க வேண்டும் என்றன. தமிழகத்தில் அவ்வரைவு பற்றிய விவாதம் துணைவேந்தர் நியமனத்தைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்தது. சட்டமன்றமும் அவ்வரைவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மாநில உரிமை சார்ந்த அவ்வெதிர்ப்பு இன்றியமையாதது. ஆயினும் அவ்வொன்பது வகைகள் தமிழ்ப் புலத்தின் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. இந்திய மொழிகளில் கற்பித்தல் அவற்றுள் ஒன்று; தொழில்முனைவும் ஒன்று. பழந்தமிழ் நூலைப் பதிப்பித்தல் எதனுள் அடங்கும் என்பதற்கு அவ்வரைவில் நேரடி விடையில்லை. இந்திய அறிவு மரபு என்னும் வகைக்குள் அதனைப் புகுத்தலாம் என்று சிலர் ஆறுதல் கூறக்கூடும். பதிப்புப் பணிக்கு அதன் சொந்தப் பெயரில் இடம் கேட்பதே நேர்மையானது.

சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும், தஞ்சை சரசுவதி மகாலிலும், உ.வே.சா. நூலகத்திலும் அச்சேறாத சுவடிகள் இன்னும் உள்ளன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வு நிறுவனம் சுவடிகளை ஒப்புநோக்கி நற்றிணையின் செம்பதிப்பை 2008இல் வெளியிட்டது. அவ்வகைப் பணியைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் இன்று தொடங்க விரும்பினால், சுவடி படிக்கப் பழகவே ஓராண்டு ஆகும்; பாடங்களை ஒப்பிட மேலும் சில ஆண்டுகள். அதற்குள் அவருடைய பதவி உயர்வுக்கான படிவம் அவர் மேசைக்கு வந்து சேரும். அப்படிவத்தில் அவர் எழுதக்கூடிய எண் 8.