லொறித் திறப்பும் பாதுகாப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரிமோட் திறப்புகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரை செலவை மட்டுமே பேசியது. பாதுகாப்பு அதைவிடப் பாரதூரமான விடயம்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய லொறிகளையே நம்பித் தொழில் செய்தோம். அவற்றில் பலவற்றுக்கு ஒரேயொரு திறப்புத்தான். நுவரெலியாவிலிருந்து பேலியகொட மெனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் எங்கள் லொறியின் திறப்பு தொலைந்தபோது, புதியதை வெட்டி, அதன் சிப்பை லொறியின் கணினியில் பதிந்து தந்தார் ஒருவர். வேலை சுத்தம். ஆனால் வாகனப் பதிவுச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ அவர் கேட்கவேயில்லை. தொலைந்த திறப்பின் பதிவையும் அழிக்கவில்லை. அந்தத் திறப்பைக் கண்டெடுத்தவர் இன்றும் எங்கள் லொறியை ஓட்டிச் செல்லலாம்! பழைய பதிவை அழிக்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

திறப்பு வெட்டிப் பதியும் தொழில் செய்வோரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பதிவுசெய்ய வேண்டும். உரிமையாளரின் ஆவணங்களைப் பார்ப்பதையும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை வாங்கி வைப்பதையும், பழைய திறப்பின் பதிவை அழித்து அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர் ஒருவர்,
களனி.