வரம்பில் வாழும் ஊருக்கு வக்கடை வேண்டும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், வடக்கே பெரியநீலாவணை முதற்கொண்டு தெற்கே அக்கரைப்பற்று வரையில், மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஓர் ஊர் முடிந்த இடம் தெரியாமலே மற்றோர் ஊர் ஆரம்பித்துவிடுகிற இந்த நீண்ட குடியிருப்பானது, கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் மேற்கே பரந்து கிடக்கும் நெல்வயல்களுக்கும் நடுவில், பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு மேல் அகலமில்லாத மணற்றிடலின் மேல் அமைந்திருக்கிறது. வயலுக்கு வரம்பு எப்படியோ, மேற்கிலிருந்து இறங்கி வரும் நீருக்கு இந்த ஊர்கள் அப்படி. அந்த நீர் கடலைச் சேர வேண்டுமானால் இந்த வரம்பைக் கடந்தேயாக வேண்டும். வரம்பிலே எந்த இடத்தில், எந்த நேரத்தில் வக்கடை வெட்டி நீரை விடவேண்டும் என்பதை அறியாத விவசாயி எவரும் இப்பிரதேசத்தில் இல்லை. ஆயினும், அந்த விவசாயிகளின் பிள்ளைகளாகிய நாம் நகரங்களை நிர்மாணிக்கப் புகுந்தபோது, முன்னோர் விட்டுவைத்த வக்கடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்பதே ஈண்டு முறையிட விரும்பும் விஷயம்.

பட்டிப்பளை ஆறு என்று நம் மூதாதையர் அழைத்த கல்லோயா, 1949இல் தொடங்கப்பட்ட பெருந்திட்டத்தினால் இங்கினியாகலையிலே மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரமாகியது. அதன் வாய்க்கால்கள் பாயும் வயல்களில் மிஞ்சும் நீரும், மாரியிலே அவ்வயல்களின் மேலேயே விழும் மழையும், ஒரு பகுதி தெற்கே களியோடை வழியாகவும், மற்றொரு பகுதி வடக்கே கிட்டங்கி வழியாக மட்டக்களப்பு வாவியை நோக்கியும் போக, எஞ்சிய நீர் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் பின்புறத்திலுள்ள கரைவாகு வட்டை என்னும் தாழ்ந்த வயல்வெளியிலே தங்கி, மெல்ல மெல்லத் தோணா என்னும் ஓடைக்குள் இறங்கி, முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேரும். தங்கி இறங்குதல் என்ற இந்தச் சுபாவம் மிக முக்கியமானது. வட்டை நீரைச் சில நாட்கள் தன்னிடத்தில் வைத்திருப்பதனாலேயே ஊர் அத்தனை நாட்களும் உலர்ந்திருக்கிறது.

முகத்துவாரம் வெட்டுகின்ற காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரண்டு மூன்று நாள் அடைமழை பெய்து, தோணாவின் நீர் கரையோடு கரையாக ஏறி, தாழ்ந்த வளவுகளின் மலசலகூடக் குழிகளுக்குள் புகத் தொடங்கியதும், இளைஞர்கள் மண்வெட்டிகளோடும், சபையார் பெக்கோ இயந்திரத்தோடும், கடல் போட்டு வைத்த மணல் திட்டை அறுப்பதற்கு வந்து சேர்கிறார்கள். முதலில் ஒரு முழ அகலத்தில் கசிகின்ற நீர், தன் வேகத்தினாலே இருபக்கமும் மணலைச் சரித்துக்கொண்டு, சற்று நேரத்துக்குள் ஒருவர் கடக்க முடியாத வாய்க்காலாகி, பிளாஸ்டிக் போத்தல்களும், ஆற்றுவாழையும், கறுத்த சேறுமாகக் கடலுக்குள் பாய்கின்றது. பிந்தி வெட்டினால் ஊருக்குள் வெள்ளம். முந்தி வெட்டினால் தோணாவுக்குள் உப்பு. வெட்டிய இடத்தின் இருபுறமும் தோணிகளையும் கரைவலைகளையும் வைத்திருக்கும் மீனவர்களுக்கோ தங்கள் கரை அறுந்து போகிறதே என்ற நியாயமான மனக்குறை. இத்துணை நுணுக்கமான தீர்மானத்தை, நீர்மட்டத்தைக் காட்டும் ஓர் அளவுகோலையேனும் நம்பியிராமல், வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்ட மக்களின் கூக்குரலைக் கொண்டு எடுப்பது ஒரு மாநகரத்துக்கு ஏற்றதாகுமா?

மழையின் சுபாவம் முன்போல் இருந்திருந்தால், இந்தப் பழைய பழக்கமே இன்னும் சில தலைமுறைகளுக்குப் போதுமாயிருந்திருக்கலாம். ஆனால், வளிமண்டலம் ஒரு பாகை வெப்பமடையுந்தோறும் அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இதன் பொருள், ஒரு மாதத்துக்குப் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடக்கூடும் என்பதாகும். 2011ஆம் ஆண்டு தை, மாசி மாதங்களில் கிழக்கிலங்கை முழுவதும் இருமுறை நீரில் மூழ்கி, கதிர் முற்றிய பெரும்போக வேளாண்மை அழிந்து, நாட்டிலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்துகொண்டிருந்த வேளையில், நிந்தவூரிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் புரண்டு, அப்பாலகர்கள் நீரோடு போன துயரத்தை எந்த உள்ளந்தான் மறக்கும்? ஒவ்வொரு மாரியிலும் நீர் கடக்கின்ற இடம் என்று எல்லோரும் அறிந்த இடம் அது. அறிந்திருந்தும், நீர் கடக்கும் நாட்களில் அந்த வழியை மூடுவதற்கு ஒரு தடையையும், மாற்றுப் பிரயாணத்துக்கு ஓர் ஏற்பாட்டையும் நாம் செய்து வைத்திருக்கவில்லை.

இனி, நீர் தங்கும் இந்த வட்டைகளை மண்ணிட்டு நிரப்பியவர்கள் யார், ஏன் நிரப்பினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இதில் ஏழைகளின் மீது குற்றம் சுமத்துவது எளிது. ஆனால் அது நீதியாகாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இந்த மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கடலோரத்து வளவுகளிலிருந்து உயிர்தப்பியவர்களை நோக்கி, கடலுக்கு அருகில் இனிக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் கட்டளையிட்டது. கிழக்கே கடல், மேற்கே வயல்; நடுவிலுள்ள காணியோ பேர்ச் கணக்கில் பொன்விலைக்கு விற்கின்றது; அப்படியிருக்க, மேற்கே இறங்குவதைத் தவிர அந்த மக்களுக்கு வேறு மார்க்கம் ஏது? சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமத்தைப் போன்ற வீட்டுத் திட்டங்கள் நீர் நின்ற தாழ்நிலங்களில் எழுந்தமைக்கு இதுவே காரணம். மக்களைக் கடலிலிருந்து காப்பாற்றப் போய் வெள்ளத்தின் வாயிலே குடியேற்றினோம். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மணமுடித்து வைக்க வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றிய சமூகத்திலே, மூன்று மகள்மாரைப் பெற்ற ஒரு தகப்பன், தன் கால் ஏக்கர் வயலில் இரவோடிரவாக நாலு டிப்பர் மண்ணைக் கொட்டுவது பேராசையினால் அன்று.

ஆயினும், அந்தத் தகப்பன் கொட்டிய மண் அவனுடைய அண்டைவீட்டானின் முற்றத்தில் வெள்ளமாக ஏறுகிறது என்ற உண்மையும் உண்மையே. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம், கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்பலாகாது என்று விதித்திருக்கின்றது. சட்டம் எளியவனின் நாலு டிப்பரைப் பிடித்து நிறுத்தும்போது, வல்லவரின் நானூறு டிப்பரைப் பாராமுகமாக விட்டுவிடுமானால், அச்சட்டத்தின் மேல் ஊரவருக்கு மதிப்பு எங்ஙனம் உண்டாகும்? நகர அபிவிருத்தி என்ற பெயரால் கரைவாகு வட்டையை நிரப்பிக் கட்டடங்கள் எழுப்பவேண்டும் என்ற யோசனை பல காலமாகவே இங்கு பேசப்பட்டு வருகின்றது. அந்த யோசனையை நாம் முழுமனத்தோடு எதிர்க்கிறோம். வட்டையிலே ஓர் அடி மண் உயர்ந்தால் அத்தனை நீரும் நகரத்தின் பழைய தெருக்களிலே இடந்தேடும். அதைப் பின்னர் எந்தப் பொறியியலாளராலும் சிக்கனமாக வெளியேற்ற முடியாது.

தலைநகரம் இதனைத் தாமதித்தேனும் கற்றுக்கொண்டது. 2010 நவம்பரில் பெய்த ஒரு பெருமழையில் தியவன்னா ஓயா பெருகி நாடாளுமன்றக் கட்டடமே வெள்ளத்தால் சூழப்பட்ட பின்னர், எஞ்சியுள்ள சதுப்பு நிலங்களைக் காப்பதே வெள்ளத்தைத் தடுக்கும் மலிவான உபாயம் என்ற தெளிவு அங்கே பிறந்தது. 2018இல் கொழும்பு, றம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தையும் பெற்றது. கொழும்பில் பொக்கிஷமாக மதிக்கப்படுவது கல்முனையில் வெறும் பள்ளக்காணியாக எண்ணப்பட வேண்டியதில்லை.

நிலத்தின் மேலுள்ள நீரைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். நிலத்தின் கீழுள்ள நீரின் கதி இதைவிடப் பரிதாபமானது. நம் கிணறுகளில் ஊறும் நன்னீர் முழுவதும், மணலுக்குள் இறங்கிய மழை, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பதேயாகும். ஆழிப்பேரலைக்குப் பின்னர் உப்பேறிய கிணறுகளை இயந்திரம் வைத்து ஓயாமல் இறைத்தபோது, கிழக்குக் கரையோரத்தின் பல இடங்களில், அடியிலிருந்த உப்பே மேலேறி வந்தது. கொண்டவட்டுவான் குளத்து நீர் குழாய்வழி வரத் தொடங்கியதிலிருந்து கிணற்றை நாம் அலட்சியம் பண்ணிவிட்டோம். பத்துப் பேர்ச் வளவிலே, கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் மலக்குழியைத் தோண்டி, மீதமுள்ள முற்றத்தைக் கொங்கிரீட்டால் மூடி, கூரையில் விழும் மழையைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறோம். சேனநாயக்க சமுத்திரம் வற்றிய ஒரு வறட்சியாண்டில் குழாய் நின்றுபோனால் திரும்பிப் பார்ப்பதற்கு அந்தக் கிணறு ஒன்றே உண்டு.

கிழக்குப் புறத்திலே கடல் வேறு நெருங்கி வருகிறது. 2006 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மில்லிமீற்றர் உயர்ந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் நம் கரையை இன்று அரிப்பது அது மாத்திரமன்று. 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாகக் கடல் சுமந்துவரும் மணலை மறித்துவிட்டதனால், தெற்கே மணல் குவிய, வடக்கே ஒலுவிலின் தென்னந்தோப்புகளும் நிந்தவூரின் கரையும் கடலுக்கு இரையாகின்றன. மாளிகைக்காட்டில் ஜனாஸா மையவாடியின் மதிலையே அலை வந்து இடித்தபோது, உயிரோடிருப்பவர்களின் குடியிருப்பைப் பற்றி மாத்திரமன்றி, அடக்கம் செய்யப்பட்டவர்களின் கப்றுகளைப் பற்றியும் கவலைப்படும் நிலை வந்துற்றது. கருங்கற்களைக் கொட்டுவது ஒரு கரையைக் காத்து அடுத்த கரையைக் காட்டிக்கொடுக்கும். குவிந்த மணலை அரித்த பக்கத்துக்கு ஆண்டுதோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே துறைமுகத்தைக் கட்டியவர்கள் ஏற்கவேண்டிய நிரந்தரக் கடமை.

கிணறு, ஆறு, கால்வாய் ஆகியவற்றைச் சூழக் குறித்த தூரம் வரையில் எவரும் தம் சொந்த அனுபோகத்துக்கு உட்படுத்தலாகாத எல்லையொன்று உண்டென்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள், ஹரீம் என்னும் ஏற்பாட்டின் மூலம், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வகுத்திருக்கிறார்கள். தோணாவுக்கும் முகத்துவாரத்துக்கும் கரைவாகு வட்டைக்கும் அத்தகைய எல்லைகளை அளந்து கல் நாட்டி, வர்த்தமானியிலே பிரசுரிப்பது அரசாங்கத்தின் காரியம். அந்த எல்லைக்குள் குப்பை கொட்டுவதும் மண் கொட்டுவதும் பிறரின் உரிமையைப் பறிப்பதாகும் என்று ஜும்ஆ மிம்பரிலே எடுத்துரைப்பது பள்ளிவாசல்களின் காரியம். வீடற்றவர்களுக்கு மணற்றிடலின் மேலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வட்டையை நிரப்பாதே என்று அவர்களிடம் சொல்லும் யோக்கியதை அரசாங்கத்துக்கு வரும்.

சபைகளின் எல்லையைப் பற்றியும், பிரதேச செயலகங்களின் பிரிவினையைப் பற்றியும் தமிழரும் முஸ்லிம்களும், ஏன் முஸ்லிம் ஊர்களே தமக்குள்ளும், நெடுங்காலமாக வாதாடி வருகிறோம். அந்த வாதம் தீரும் வரையில் மழை காத்திராது. ஒவ்வோர் ஆண்டும் பெரும்போக நெற்செய்கை ஆரம்பக் கூட்டத்தில், நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும், கமநல உத்தியோகத்தரும், வட்டவிதானைமாரும் ஒன்றுகூடி, வாய்க்காலில் நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் நிச்சயிக்கிறார்கள். அதே மேசையில், கல்முனை மாநகர சபைக்கும், காரைதீவு, நிந்தவூர், நாவிதன்வெளி, சம்மாந்துறைப் பிரதேச சபைகளுக்கும், கரைவலை மீனவர் சங்கங்களுக்கும் ஆசனம் அளித்து, குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுமுன் எந்த ஊருக்கு எத்தனை மணி நேர அவகாசத்தில் அறிவிப்பது, தோணாவின் நீர் எந்த அளவுகோலைத் தொட்டதும் எவருடைய உத்தரவின்பேரில் முகத்துவாரத்தை வெட்டுவது, மாவடிப்பள்ளி, கிட்டங்கி வீதிகளை எப்போது மூடிப் படகும் பஸ்ஸும் ஒழுங்கு செய்வது என்பவற்றையும் வருகிற பெரும்போகத்திலிருந்தே எழுத்தில் நிச்சயித்துவிடலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை, வெளிநாட்டுக் கடனும் வேண்டியதில்லை. மாவட்டச் செயலாளர் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டால் போதும்.