15 விநாடியில் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, போன வெள்ளிக்கிழமை நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். மத்தியானம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, சட்டுனு எழுந்து வாங்க!" என்று குரல் கொடுத்தேன். என் மாமியாருக்கு 78 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பாவம், பதறிப் போய்க் கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்து, அடுத்த காலை இறக்குவதற்குள் 15 விநாடி தீர்ந்துவிட்டது.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லி அவரை மறுபடி படுக்க வைத்தேன். இவருக்குத் தெரிந்தபோது, "வயசானவங்ககிட்ட விளையாட்டா?" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விளையாட்டுக்குச் செய்யவில்லை. எங்கள் தெரு மலையாள டீச்சரம்மாவின் தங்கை இஸ்ரேலில் அஷ்கெலோன் என்ற ஊரில் ஒரு பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கேரளத்துப் பெண்கள் நிறையப் பேர் அங்கே இந்த வேலைக்குப் போகிறார்கள். பக்கத்துக் காஸாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் ஊரில் சங்கு ஊதும். ஊதினதிலிருந்து 30 விநாடிக்குள் காங்கிரீட் அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். காஸா எல்லையிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள ஸ்டெரோட் ஊரிலோ 15 விநாடிதான். "பாட்டியை எழுப்பி உட்கார வைக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும் அக்கா. அதனாலே நானும் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்துடுவேன்" என்று தங்கை சொன்னாளாம். 2021 மே மாதம் அதே அஷ்கெலோனில், அதே வேலையில் இருந்த ஒரு கேரளத்துப் பெண் ராக்கெட் விழுந்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு டீச்சரம்மா போன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

ஸ்டெரோட்டில் 2001-லிருந்து ராக்கெட் விழுந்திருக்கிறது. அந்த முதல் ராக்கெட்டுகள் என்ன தெரியுமா? இரும்புக் குழாய்க்குள் சர்க்கரையும் உரமும் எரிபொருளாக அடைத்தது! காப்பியில் போடுகிற சர்க்கரை! எங்கே போய் விழும் என்று விட்டவனுக்கே தெரியாது. 2004 ஜூனில் ஒரு நர்சரிப் பள்ளி பக்கத்தில் விழுந்து ஒரு குழந்தை போய்விட்டது.

அங்கே பஸ் ஸ்டாப்பும் காங்கிரீட் அறைதான். குழந்தைகள் விளையாடுகிற பூங்காவில் கம்பளிப்பூச்சி மாதிரி வர்ணம் அடித்த பெரிய குழாய் இருக்கிறது. சங்கு ஊதினால் அதற்குள் ஓட வேண்டும். பயம் தெளியக் கையையும் காலையும் உதறிப் பாடுவதற்கு நர்சரியில் ஒரு பாட்டே சொல்லிக் கொடுத்தார்கள். முன்பெல்லாம் எச்சரிக்கைக் குரல் "சிவப்பு விடியல்" என்று அவர்கள் பாஷையில் சொல்லுமாம். விடியல் என்று பெயர் வைத்த ஒரு சின்னப் பெண்ணுக்கு, தன் பெயரைக் கேட்டு எல்லோரும் அலறி ஓடுகிறார்களே என்று வருத்தம். 2007-ல் அதை "சிவப்பு நிறம்" என்று மாற்றிவிட்டார்கள். ராக்கெட்டை நிறுத்த முடியவில்லை, வார்த்தையை மாற்றினார்கள்!

2011-லிருந்து வானத்திலேயே ராக்கெட்டை அடித்து வீழ்த்தும் அயர்ன் டோம் வந்து பல உயிர்கள் தப்பின. ஆனாலும் சங்கு ஊதாமலா இருக்கும்? பெரிய பிள்ளைகள்கூடப் படுக்கையை நனைப்பது, தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமினாலே தூக்கிவாரிப் போடுவது, தாய்மார் குளிக்கும்போது கதவைத் தாழ் போடப் பயப்படுவது, எல்லாம் அந்த ஊர்க் கதை. இரண்டு குழந்தை இருந்தால் எதை முதலில் தூக்குவது? அந்தக் கணக்கைப் போடுகிற மனசு எப்படி ராத்திரி தூங்கும்?

இதைச் சொல்லிவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தால் என் மனசாட்சி சும்மா விடாது. காஸாவில் வீடுகளில் அந்தக் காங்கிரீட் அறை கிடையாது, ஊதச் சங்கும் கிடையாது. அங்குள்ள தாய்க்கு 15 விநாடிகூட இல்லை. 2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் புகுந்து தாக்கியதில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதன்பின் நடந்த போரில், 2025 அக்டோபரில் சண்டை நிறுத்தம் வரும்வரை, காஸாவில் இறந்தவர்கள் 60,000-க்கு மேல் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் கணக்கு. அதில் எத்தனை எத்தனை குழந்தைகள்!

"அவன் முதலில் அடித்தான், இவன் முதலில் அடித்தான்" என்று ஆண்கள் திண்ணையில் பேசட்டும். ஆயுதம் எடுக்காதவர்களை அடிக்கக் கூடாது என்று 1949 ஜெனீவா ஒப்பந்தத்திலும், 1977-ல் அதோடு சேர்த்த ஷரத்துகளிலும் எழுதித்தான் இருக்கிறது. 1984 நவம்பரில் ஐ.நா. சபை, சமாதானமாக வாழ்வது உலக மக்களின் புனிதமான உரிமை என்றே அறிக்கை போட்டது. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது, கிழவியைக் கிழவியின் வேகத்தில் நடக்க விடுவது, இவ்வளவுதான் எனக்குப் புரிந்த உரிமை.

ராத்திரி மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அப்படி ஒண்ணு வந்தா என்னை விட்டுட்டுப் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடு" என்றார், ரொம்பச் சாதாரணமாக. எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு பாத்துக்கிட்ட பாட்டி இப்ப எப்படி இருக்காளாம்?" என்றார். நாளைக்கு டீச்சரம்மாவிடம் கேட்டு வர வேண்டும்.