பங்குனியில் ஒரு நாள் கோடிக்கரை

நம் பள்ளிச் சுற்றுலா என்றால் மார்கழி, தை மாதங்கள்தாம். அணைக்கட்டு, அரண்மனை, மிருகக்காட்சிசாலை. திரும்பும் வழியெல்லாம் பாட்டு. குறை சொல்லவில்லை, நானும் பாடியவள்தான். ஆயினும் ஒருமுறை பங்குனியில் கோடிக்கரைக்குப் போனால் என்ன என்று கேட்கத் துணிகிறேன்.

சென்ற பங்குனியில் வேதாரணியத்துச் சித்தப்பா எங்களை அங்கே அழைத்துச் சென்றார். விடியுமுன் புறப்பட்டோம். உப்பளங்களைத் தாண்டி வண்டி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வற்றிக்கொண்டிருந்த நீரும் சேறும்! "இதைப் பார்க்கவா தூக்கத்தைக் கெடுத்தீர்கள்?" என்றாள் தங்கை. எனக்கும் அதே எண்ணந்தான். மூத்தவள் என்பதால் சொல்லவில்லை.

தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. தங்கையின் கோபம் தணிந்தது. ஆனால் சித்தப்பா காட்ட விரும்பியது வேறு. "சேறு அசைகிறது பாரம்மா" என்றார். அசைந்தது சேறன்று, நூற்றுக்கணக்கான கொசு உள்ளான்கள்! சிட்டுக்குருவியளவுதான் இருக்கும். தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகுகள் ஏறி இறங்கின. ஒன்றும் தலை நிமிரவில்லை. சிலவற்றின் சாம்பல் நிறச் சிறகுகளுக்கிடையே செம்பழுப்பு தலைகாட்டியது. அது ஊருக்குப் புறப்படும் உடையாம். ஊர் எது? வடதுருவத்தை ஒட்டிய சைபீரியா! சேற்றிலுள்ள புழு பூச்சிகளைத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்தால்தான் அவ்வளவு தூரம் பறக்க இயலும். மார்கழியில் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். இந்த அவசரத்தைப் பார்க்க முடியாது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடிக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு அனுப்பி, அவை போகுமிடங்களை அறிந்து வந்திருக்கிறார்கள். 1967-இல் இது சரணாலயமாயிற்று. 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் அப்பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றே இடம்.

எல்லாச் சதுப்புக்கும் இந்தப் பேறு கிட்டவில்லை. வீணாய்க் கிடக்கிறதே, மண்ணடித்து மேடாக்கினால் என்ன என்று நம் வீடுகளிலேயே பேசுகிறோம் அல்லவா? சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையை அப்படித்தான் செய்தோம். ஒரு பக்கம் குப்பை, ஒரு பக்கம் கட்டடம். மழைநீர் தங்கி வடிய இருந்த இடம் சுருங்கிவிட்டது. 2022-இல் அதுவும் ராம்சார் பட்டியலில் ஏறியது, மிஞ்சிய அளவில். பட்டியல் காக்கும் என்று நாம் இருந்துவிடலாமா? அந்தக் குட்டிப் பறவைகள் தின்பதை ஒருமுறை கண்டவள், மேடாக்கலாம் என்று வாய் திறக்கமாட்டாள். நானே முன்பு அப்படிப் பேசியவள்.

வெயில், சேறு, பரீட்சை என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. விடியற்காலையில் சென்று ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம். பரீட்சை முடிந்த மறுவாரமும் பறவைகள் சில இருக்கும். வழியில் பாடலாம், இறங்கியபின் மட்டும் கூடாது. பௌதிக ஆய்வுக்கூடத்து அலமாரியில் ஒரு பைனாகுலர் தூசி படிந்து கிடக்கிறது. சாவி சிஸ்டரிடம் இருக்கிறது.