கூலிக்கு மருந்தடிக்கிறவர் உயிருக்கு யார் பொறுப்பு?

2017 கடைசியில் நம்ம பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்கள் சிலர் செத்துப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மாலில் 20 பேருக்கு மேல் இப்படியே போனார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கிளம்பிய பேச்சு ஒன்றுதான்: "பாதுகாப்பு உடை போடாம அடிச்சிருக்காங்க." செத்தவர் மேலேயே பழி.

அப்போது நான் வங்கி அதிகாரி. பயிர்க்கடன் மனுக்களில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று போடும் கணக்கில் விதை, உரம், பூச்சிமருந்து, கூலி எல்லாம் இருக்கும். மருந்துக்குப் பணம் கொடுக்கிறோமே, அதை அடிக்கிறவர் கைக்கு உறை இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்து "ஐயோ பாவம்" என்றேன். அதோடு சரி.

2018இல் பணி ஓய்வு. குன்னத்துக்கும் செந்துறைக்கும் நடுவில் மூணு ஏக்கர் கரிசல், அப்பா விட்டுப்போனது. ஊரோடு ஒத்து நானும் பருத்தி போட்டேன். 2019இல் காய்ப்புழு வந்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். இரண்டு பாட்டிலைக் கொடுத்து, "ரெண்டையும் கலந்து அடிங்க சார், நல்லா கேக்கும்" என்றார் கடைக்காரர். பில் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மருந்தடிக்க ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. தலை உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் சட்டை இல்லாமல், வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மதியம்வரை அடித்தார். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டேங்கை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் ஒழுகியது, வாந்தி, கண் மங்கல். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். "என்ன மருந்து? பாட்டில் எங்கே?" என்றார் டாக்டர். பாட்டிலை வாய்க்காலில் எறிந்திருந்தோம். விஷ கேஸ் என்பதால் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். நான் சொன்னது இதுதான்: "கையுறை போடச் சொன்னா இவங்க எங்கே சார் கேக்குறாங்க?" அவர் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். உண்மையில் நான் சொல்லவும் இல்லை, கையுறை வாங்கிக் கொடுக்கவும் இல்லை.

மூணு நாளில் பிழைத்து வந்தார். இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்தேன், பேங்க் புத்தி.

பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் 38ஆம் பிரிவு, தன் சாகுபடி நிலத்தில் மருந்து பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. படித்ததும் 'அப்பாடா' என்றிருந்தது. ஆனால் பொதுவான குற்றச் சட்டத்தில் நமக்கு அப்படி விலக்கு இல்லை. அஜாக்கிரதையாகச் செய்கிற செயல் அடுத்தவர் உயிருக்கு ஆபத்தை உண்டாக்கினாலே குற்றம் என்கிறது இந்திய தண்டனைச் சட்டத்தின் 336ஆம் பிரிவு. ஆள் சாகணும், காயப்படணும் என்று இல்லை. விஷப்பொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதற்கு 284ஆம் பிரிவு தனியாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 125, 286 ஆகிய பிரிவுகள். கவனக்குறைவால் உயிரே போனால் 106ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை.

என் செயல் நீதிமன்றத்தில் குற்றமாக நின்றிருக்குமா என்பது வக்கீல்கள் பேசவேண்டிய விஷயம். என் மனசாட்சிக்கு அதில் சந்தேகம் இல்லை.

336இல் தண்டனை எவ்வளவு தெரியுமா? மூன்று மாதம் வரை சிறை, அல்லது 250 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புதுச் சட்டத்தில் அபராதம் 2,500 ஆகியிருக்கிறது. கடனுக்கு ஒருநாள் தாமதமானால் வட்டிமேல் வட்டி போட்ட எனக்கே இந்தத் தொகை கூச்சமாக இருந்தது.

சட்டம் நினைத்தால் கடுமையாகவும் இருக்கும். 2013 ஜூலையில் பீகாரின் சாப்ராவில் மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். 2016இல் விசாரணை நீதிமன்றம் தலைமை ஆசிரியைக்கு 17 ஆண்டு சிறை விதித்தது. அதே வகை விஷம் கரிசல்காட்டில் ஒரு கூலியாளைச் சாய்த்தால் அது விபத்து, விதி, அவருடைய அஜாக்கிரதை.

"உடை போட்டு அடிச்சா ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் பிளாஸ்டிக் உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். வெப்ப நாடுகளில், சிறு உழவர்களும் கூலியாட்களும் அணிய முடியாத, வாங்க முடியாத பாதுகாப்பு உடை தேவைப்படும் பூச்சிக்கொல்லிகளைத் தவிர்க்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நடத்தை நெறியே சொல்கிறது. இது தெரிந்தும் தயாரிக்கிற கம்பெனி, கலந்து அடிக்கச் சொல்கிற கடை, அனுமதி கொடுக்கிற அரசு எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. அந்த வரிசையில் ஆள் வைத்து அடிக்கிற நாமும் நிற்கிறோம்.

இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டோம், நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். புகையிலைக் கரைசல் அடிக்கிறோமே, அதில் இருக்கும் நிக்கோட்டினும் விஷம்தான். வெறும் கையால் கலக்கச் சொன்னால் அங்கேயும் அதே தப்பு. இன்னும் முழுசாக மாறாத உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிவப்பு, மஞ்சள் முக்கோணம் போட்ட பாட்டிலை வாங்காதீர்கள். அடித்தே தீரவேண்டும் என்றால் கையுறையும் முகமூடியும் உங்கள் செலவு. டேங்க் கணக்கில் கூலி பேசாதீர்கள், அது ஆளை அவசரப்படுத்தும். பில் வாங்குங்கள், பாட்டிலை எறியாதீர்கள். டாக்டருக்கும் அதுதான் வழி, நாளைக்கு வழக்குக்கும் அதுதான் சாட்சி.

நம் இயக்கம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லியால் நேரும் ஒவ்வொரு நஞ்சுப் பாதிப்பையும் தெரிவிக்கவேண்டும் என்று அறிவிப்பு வெளியிட, 1968 சட்டத்தின் 26ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கணக்கிலேயே வராதவருக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்? வருகிற கிராமசபைக் கூட்டத்தில் மருந்தடித்து மயங்கியவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி, தீர்மானமாக்கி கலெக்டருக்கு அனுப்புவோம்.

எங்கள் ஊர்ப் பட்டியலில் முதல் பெயர், அவர் சம்மதித்தால், என் காட்டில் விழுந்தவருடையதாக இருக்கும். நில உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதுவேன்.