தொன்னையில் மிஞ்சிய புளியோதரை



புரட்டாசி பிறந்துவிட்டது. சனிக்கிழமைகளில் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தொன்னையோடு வீடு திரும்புவோம். கேட்டைத் திறந்ததும் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் செல்லத்துக்கு ஒரு வாய் வைக்காமல் மனசு கேட்காது. அந்த ஒரு வாயைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

நாய்க்குச் சாக்லேட் ஆகாது என்று அம்பத்தூர், ஆவடி பிள்ளைகளுக்கே இன்று தெரியும். அதிலுள்ள தியோபுரோமினில் பாதியை வெளியேற்றவே நாயின் உடம்புக்கு 17 மணி நேரம் ஆகிறது. சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர்திராட்சையை யாரும் சந்தேகிப்பதில்லை. அது சிறுநீரகத்தையே முடக்கிவிடும். இத்தனை வரை பரவாயில்லை என்ற கணக்கும் கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுச் சும்மா திரியும், இன்னொன்று கொஞ்சத்திலேயே வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும்.

காரணம் வெகுகாலம் பிடிபடவில்லை. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கு அதே கோளாறு வந்தபோதுதான், மாவிலிருந்த கிரீம் ஆஃப் டார்டார் அமெரிக்க மருத்துவர்களுக்குத் துப்புக் கொடுத்தது. திராட்சையிலும் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் எழுதினார்கள். அந்த அமிலம் தாராளமாக உள்ள இன்னொரு பொருள் நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: புளி! புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டது பின்னர் பதிவானது. அவர்களுக்கு இது ஓரத்துச் செய்தி. நமக்கு அன்றாடச் சமையல்.

“எங்க மணி பத்து வருஷமா சாம்பார் சோறுதான் தின்னுது” என்பீர்கள். இருக்கலாம். ஒரு கரண்டி சாம்பாரில் புளி கொஞ்சம்தான். புளிக்காய்ச்சல் கிண்டிய வாணலியை நக்க விடுவதுதான் பயம். சாம்பாரில் வெங்காயமும் உண்டே; வெந்தாலும் அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழியும் போதும், மணி கோபித்துக்கொள்ளாது.

தெரியாமல் தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் புகட்டாதீர்கள். அதுவே உயிருக்கு ஆபத்து. வாந்திக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உறை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து மாலை நெரிசலில் அங்கே போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே உங்கள் பக்கத்தில் இரவிலும் பார்க்கும் கால்நடை மருத்துவமனை இருந்தால் எழுதுங்கள். விசாரித்து, தீபாவளி இதழில் முகவரிகளோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்